இணைவாழ்வு விண்மீன்களும் சிதறிய ஒளியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அம்மி மிதித்து அருந்ததி காட்டும் வழக்கம் தமிழர் திருமணங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. சங்கப் புலவர்களும் கற்புடை மகளிர்க்கு வடமீனை உவமையாக்கினர். எனினும் இக்காலத்துத் திருமணங்கள் பெரும்பாலும் காலைப் பொழுதில் நடைபெறுகின்றன. பந்தலுக்கு வெளியே வந்து, கதிரவன் காயும் வானத்தில் ஒரு திசையைப் பெரியவர் சுட்டிக்காட்டுகிறார். "தெரிகிறதா?" என்று கேட்கிறார். மணமக்கள் இருவரும் தெரிகிறது என்று தலையசைக்கிறார்கள். காணாததைக் கண்டதாகக் கூறும் அந்தச் சடங்கில் ஓர் அழகு உண்டு. அதனை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

அருந்ததியின் அருகிலுள்ள வசிட்டன் என்னும் மீனுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அம்மீன், 1617இல் தொலைநோக்கியில் இரண்டாகத் தெரிந்தது. அவ்விரண்டனுள் ஒளிமிக்கதை, 1889இல் ஹார்வர்டு வான்நோக்ககத்தின் எட்வர்டு பிக்கரிங் நிறமாலைவழி ஆய்ந்தார். அதன் நிறமாலைக் கோடுகள் சில நாள்களில் ஒன்றாகவும் சில நாள்களில் இரண்டாகப் பிரிந்தும் காணப்பட்டன. எந்தத் தொலைநோக்கியாலும் அன்று பிரித்துக் காட்ட இயலாத இரு மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. கண், தொலைநோக்கி, நிறமாலை என்னும் மூன்று படிகளில் இணைமீன்களின் அறிவு வளர்ந்தது. இவற்றிற்கு அடுத்த படி ஒன்று உண்டு. ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று கேட்பதே அந்தப் படி. அந்தக் கேள்வியால் தம் உறவை வெளிப்படுத்திய ஒருவகை இணைமீன்களைப் பற்றியதே இவ்வுரை.

ஒரு பெயரின் பிறப்பு

1932இல் மவுண்ட் வில்சன் வான்நோக்ககத்தில் பால் மெரில், மில்டன் ஹுமாசன் ஆகிய இருவரும் விந்தையான சில மீன்களைக் குறிப்பிட்டனர். ஒரு மீனின் நிறமாலையைக் கண்டால் அதன் வெப்பநிலையை மதிப்பிட்டுவிடலாம். குளிர்ந்த சிவப்பு மீன்களில் டைட்டேனியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகளின் கருநிறப் பட்டைகள் இருக்கும். அவை மூவாயிரம் பாகை அளவிலான வெப்பத்தில் மட்டுமே நிலைக்கும். மிக வெப்பமான இடங்களில் மூலக்கூறு நிலைக்காது. எலெக்ட்ரான்களை இழந்த அணுக்களின் ஒளிர்கோடுகளே காணப்படும். மெரிலும் ஹுமாசனும் கண்ட மீன்களிலோ இவை இரண்டும் ஒருசேர இருந்தன. தீயும் பனியும் ஒரே வீட்டில் குடியிருந்தது போன்ற காட்சி அது.

இவற்றிற்கு 1940களில் மெரில் உயிரியலிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கிப் பெயரிட்டார். பாசியும் பூஞ்சையும் ஒன்றி வாழ்ந்து 'லைக்கன்' என்னும் ஓருருவாய்க் காணப்படுவதை உயிரியலார் குறிக்கும் சொல் அது. தமிழில் இணைவாழ்வு எனலாம். இணைவாழ்வு விண்மீன் என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. ஒரே மீனின் இருவேறு அடுக்குகளா, இரு மீன்களா என்ற வினா முற்றும் தீர்வதற்கு முன்னரே பிறந்த பெயர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. உருவகம் முதலில் வந்தது. சான்று பின்னர்தான் வந்தது.

பிற்கால ஆய்வுகள் அவை இரு மீன்களே என நிறுவின. ஒன்று செம்பெருமீன். முதுமையில் பெரிதும் விரிந்து, தன் மேனியிலுள்ள வளிமத்தை மெல்லிய காற்றாக ஓயாமல் வெளியே வீசிக்கொண்டிருப்பது. மற்றொன்று, பெரும்பாலும், வெண்குறுமீன். எரிபொருள் தீர்ந்து, கதிரவனை ஒத்த பொருண்மையைப் பூமி அளவிலான உருண்டைக்குள் அடக்கிக்கொண்ட மீன் அது. பெருமீன் வீசும் காற்றில் ஒரு பகுதி குறுமீனின்மேல் விழுகிறது. அதனால் குறுமீனின் மேற்பரப்பு இலட்சம் பாகைக்கும் மேலாகக் கொதித்துப் புறஊதாக் கதிரைப் பொழிகிறது. அக்கதிர் பெருமீனின் காற்றையே அயனியாக்கி ஒளிரச் செய்கிறது.

இதில் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர். பாசியும் பூஞ்சையும் போல ஒருவர்க்கொருவர் உதவும் உறவு இதுவன்று. இணைவாழ்வு என்னும் இனிய சொல், நிறமாலையின் தோற்றத்தைச் சொல்லுமேயன்றி மீன்களின் உறவைச் சொல்லாது. உறவைச் சொல்லவேண்டுமானால் அவ்விருவரும் எவ்வளவு இடைவெளியில், எந்தச் சாய்வில், எத்தனை நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றனர் என அளந்தாக வேண்டும். தொலைநோக்கியிலோ பெரும்பாலானவை ஒரே புள்ளியாகத்தான் தெரிகின்றன. ஒரு புள்ளிக்குள் எது எந்தப் பக்கம் என்று எவ்வாறு கேட்பது?

ஒளியின் சாய்வு

தூணில் ஒரு முனையைக் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலும் கீழும் அசைத்தால், அலை தூணை நோக்கி ஓடும். கயிறோ மேலும் கீழுமே ஆடும். பக்கவாட்டில் அசைத்தால் பக்கவாட்டில் ஆடும். ஒளியும் அவ்வாறே, செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. விளக்கின் ஒளியில் எல்லாச் சாய்விலும் அதிர்வுகள் கலந்திருக்கும். ஏதேனும் ஒரு சாய்வு மேலோங்கி நின்றால் அதனைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். மனிதக் கண் இந்த வேறுபாட்டை ஏறக்குறைய உணர்வதேயில்லை. தேனீக்கள் உணர்கின்றன, அதைக்கொண்டே அவை திசையறிகின்றன என்று கார்ல் வான் ஃபிரிஷ் 1949இல் காட்டினார்.

இச்சாய்வு எங்கிருந்து வருகிறது? 1808இல் பாரிசு நகரில் எத்தியேன் மாலுசு, லக்சம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய மாலைக் கதிரொளியைக் கால்சைட் படிகத்தின்வழி நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது, அதில் தெரிந்த இரு பிம்பங்களின் ஒளி மாறி மாறிக் கூடிக் குறைந்தது. பட்டுத் திரும்பியதால் ஒளி சாய்வு பெற்றது என அவர் கண்டார். நேராக வரும் கதிரொளியில் அச்சாய்வு இல்லை.

சிதறும் ஒளிக்கும் இது பொருந்தும். ஒளியின் மூலம், அது சிதறும் இடம், காண்பவர் ஆகிய மூன்றும் அமையும் தளத்திற்குச் செங்குத்தாகவே சிதறிய ஒளி மிகுதியாக அதிரும். கதிரவன் மேற்கே சாயும் வேளையில் தலைக்கு நேர் மேலுள்ள நீலவானத்தைத் தளவிளைவு ஆடியால் பார்த்தால், அவ்வொளி தெற்கு வடக்காக அதிர்வது தெரியும். கதிரவனைக் காணாமல் அந்த வானத்துண்டை மட்டும் கண்டவர்கூட, அது கிழக்கு மேற்கு வரிசையில்தான் உள்ளது எனச் சொல்லிவிடலாம். ஒளி இறுதியாகத் திரும்பிய இடத்திற்கும் அதற்கு முன் புறப்பட்ட இடத்திற்கும் இடையிலான கோடு, அதிர்வின் சாய்வில் எழுதப்பட்டிருக்கிறது. வந்த ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருந்தாலும் இந்த எழுத்து அழிவதில்லை. மேலே கேட்ட வினாவிற்கு விடை இங்கேதான் உள்ளது.

கடலில் ஒரு படிகம்

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1921இல் மேற்கொண்ட கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே என்பது ராலே பிரபுவின் கருத்து. இராமனிடம் நிகால் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி தளவிளைவுற்றது. ஆதலால் ஏற்ற கோணத்தில் பட்டகத்தைப் பிடித்தால் அதனை மறைத்துவிடலாம். இராமன் மறைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு நீங்கிய பின்னும் கடல் நீலமாகவே இருந்தது; முன்னினும் ஆழ்ந்த நீலமாக இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என அவர் முடிவு செய்தார்.

அந்த வினாவே ஏழு ஆண்டுகளுக்குப் பின் கல்கத்தாவில் கனிந்தது. 1928 பிப்ரவரியில் இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், நீர்மங்களில் சிதறும் ஒளியில் ஒரு சிறுபகுதி நிறம் மாறி வெளிவருவதைக் கண்டனர். அது முன்பே அறியப்பட்ட ஒளிர்தல் நிகழ்ச்சியாக இருக்கலாமே என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தை நீக்க அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று, அந்த ஒளி வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது என்பதாகும். சிதறிய ஒளிதான் அவ்வாறு சாய்வு கொண்டு வரும். இராமன் விளைவின் பிறப்புச் சான்றிதழில் தளவிளைவும் கையொப்பமிட்டது எனலாம்.

ஏதோ இரு கோடுகள்

இணைவாழ்வு மீன்கள் பலவற்றின் நிறமாலையில் 6825, 7082 ஆங்ஸ்ட்ராம் என்னும் அலைநீளங்களில் இரு அகன்ற சிவப்புக் கோடுகள் உண்டு. அறியப்பட்ட எந்தத் தனிமமும் அவ்விடத்தில் அவ்வாறு ஒளிர்வதில்லை. இணைவாழ்வு மீன்களைத் தவிர வேறெங்கும் அவை தென்படவுமில்லை. டேவிட் ஆலன் 1980இல் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் அவற்றின் பிறப்பிடம் விளங்கவில்லை. அண்டைக் கோடுகளைவிட அவை பெரிதும் அகன்றிருந்தது மற்றொரு புதிர்.

1989இல் சூரிச்சில் பணியாற்றிய ஹான்ஸ் மார்ட்டின் ஷ்மிட் விடை கண்டார். வெண்குறுமீனின் அருகே, ஐந்து எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணு 1032, 1038 ஆங்ஸ்ட்ராமில் புறஊதா ஒளியை உமிழ்கிறது. அவ்வொளி பெருமீனைச் சூழ்ந்த நடுநிலை ஹைட்ரஜனைச் சென்று சேர்கிறது. ஒளித்துகள் கொண்டுவரும் ஆற்றல் ஏறக்குறைய 12 எலெக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜன் அணு அதில் 10.2 எலெக்ட்ரான் வோல்ட்டைச் சுங்கமாகப் பிடித்துக்கொண்டு எஞ்சியதை விடுவிக்கிறது. எஞ்சிய அந்தச் சிற்றாற்றலே 6825, 7082 ஆங்ஸ்ட்ராமில் சிவப்பொளியாக வெளிவருகிறது. இராமன் நீர்மங்களில் கண்ட அதே விளைவு, தனி அணுவில், விண்மீனின் காற்றில் நிகழ்கிறது.

அகலத்தின் புதிரும் இதனாலேயே அவிழ்ந்தது. ஆற்றல் குறைந்து அலைநீளம் ஆறரை மடங்கிற்கு மேல் நீண்டபோது, மூல ஒளியில் வேகத்தால் விளைந்த சிறு விரிவும் அதே விகிதத்தில் பெருகிவிட்டது. மேலும், 1032 ஆங்ஸ்ட்ராம் ஒளியைப் பூமியின் காற்றுமண்டலம் தரைக்கு வரவிடாது. சுங்கம் செலுத்திச் சிவந்த ஒளியோ தரையிலுள்ள தொலைநோக்கிக்குத் தடையின்றி வருகிறது. காணமுடியாத புறஊதாவின் செய்தி, காணக்கூடிய சிவப்பின்மேல் ஏறி வருகிறது.

விளக்கம் பொருத்தமானது, ஆனால் உண்மையா? 1928இல் கேட்ட கேள்வியே மீண்டும் எழுந்தது. அதற்கு அன்று அளித்த சான்றே மீண்டும் தேவைப்பட்டது. இவை சிதறிய ஒளியானால் தளவிளைவுற்றிருக்க வேண்டும். 1990களில் ஷ்மிட், ஹான்ஸ் ஷில்ட் ஆகியோர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஆங்கிலோ ஆஸ்திரேலியத் தொலைநோக்கி, கேனரித் தீவுகளில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி ஆகியவற்றால் பல மீன்களை அளந்தனர். டிம் ஹாரிஸ், இயன் ஹோவார்த் ஆகியோரும் தனியே அளந்தனர். அவ்விரு கோடுகளும் பல விழுக்காடு தளவிளைவுற்றிருந்தன. அண்டையிலுள்ள மற்ற ஒளியில் அவ்வளவு சாய்வு இல்லை.

தூசியும் துல்லியமும்

இந்த ஒப்பீடு ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. இராமனின் தமையன் மகனும் சென்னை மாநிலக் கல்லூரி மாணவருமான சுப்பிரமணியன் சந்திரசேகர், வெப்பமீன்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி, எலெக்ட்ரான்களில் சிதறுவதால், 11 விழுக்காட்டிற்கும் மேலாகத் தளவிளைவுறும் என்று 1946இல் கணித்தார். ஒரு மீனை மற்றொன்று மறைக்கும் வேளையில் அதனைக் காண முயன்ற வில்லியம் ஹில்ட்னர், ஜான் ஹால் ஆகிய இருவரும் 1949இல் வேறொன்றைக் கண்டனர். மறைப்பு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் சாய்வு மாறவில்லை. அது மீனின் சாய்வன்று. வழிநெடுக விண்வெளியில் வரிசையுற்று நிற்கும் நுண்தூசிகள் ஒளியில் பதித்த சாய்வு. சந்திரசேகர் கணித்த விளிம்பின் சாய்வு, பின்னர் 1983இல் அல்கோல் என்னும் மீனில் அளக்கப்பட்டது.

வழியில் ஏறிய தூசியின் குரலை, மீனின் குரல் என்று கொண்டுவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. இணைவாழ்வு மீன்களில் இதற்கு ஓர் எளிய காப்பு அமைந்துள்ளது. வழித்தூசி, சிவப்புக் கோட்டையும் அதனை ஒட்டியுள்ள ஒளியையும் ஒரே வகையாகவே சாய்க்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எஞ்சுவது சிதறலின் சாய்வே.

எஞ்சிய அச்சாய்வு, சுற்றுப்பாதையை வரைந்து காட்டுகிறது. ஒளி புறப்படுவது குறுமீனருகே. சிதறுவது பெருமீனைச் சூழ்ந்து. எனவே அதிர்வின் சாய்வு, இருவரையும் இணைக்கும் கோட்டிற்குச் செங்குத்து. குறுமீன் சுற்றி வர, சாய்வும் உடன்சுழல்கிறது. பாதையை மேலிருந்து நோக்கும் நிலையில் சாய்வு சீராகச் சுழலும். அதன் அளவு மாறாது. விளிம்பிலிருந்து நோக்கும் நிலையில் சாய்வு திரும்பாது. அதன் அளவு மட்டும் கூடிக் குறையும். இவற்றிற்கு இடைப்பட்ட ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு கோலம் உண்டு. ஆண்ட்ரோமெடா விண்மீன் குழுவிலுள்ள இசட் ஆண்ட்ரோமெடே என்னும் மீனின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 759 நாள். ஷ்மிட், ஷில்ட் இருவரும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அதன் பாதை ஏறத்தாழ 47 பாகை சாய்ந்துள்ளது என 1997இல் வெளியிட்டனர்.

இரவுக்கு ஓர் அளவு, அதுவும் மேகமில்லா இரவில். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கால்சைட் படிகத்தின்முன் அலைத்தகட்டைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இரு பிம்பங்களை ஒப்பிட வேண்டும். மாலுசு அரண்மனைச் சன்னலைக் கண்டதும் இம்முறையின் தொடக்கமே. ஓர் இரவின் அளவு ஒரு புள்ளி. பாதை தெரிய ஆண்டுக்கணக்கில் புள்ளிகள் வேண்டும்.

எதற்காக இந்தச் சாய்வு?

பாதை எத்தனை பாகை சாய்ந்திருந்தால் என்ன என்று கேட்கலாம். நிறமாலைக் கோடுகளின் அசைவு, மீன்கள் காண்பவரை நோக்கி வந்து விலகும் வேகத்தை மட்டுமே தரும். பாதையின் சாய்வு தெரியாமல் மீன்களின் பொருண்மையைக் கணிக்க இயலாது. பொருண்மையில்தான் வெண்குறுமீனின் ஊழ் அடங்கியுள்ளது. கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் எல்லையைத் தாண்டி எந்த வெண்குறுமீனும் தன்னைத் தாங்கி நிற்க இயலாது. அந்த எல்லைக்குச் சந்திரசேகரின் பெயரே வழங்குகிறது. துணைமீனின் காற்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்த எல்லையை நெருங்கும் குறுமீன் முழுதும் வெடித்துச் சிதறக்கூடும். அண்டத்தின் தொலைவுகளை அளக்கப் பயன்படும் வெடிமீன்களில் ஒரு பகுதியாவது இவ்வழியில் பிறக்கலாம் என்பதே இம்மீன்களின்பால் வானியலார் கொண்ட ஆர்வத்திற்குக் காரணம். வடமுடி விண்மீன் குழுவின் டி கொரோனே 1866இலும் 1946இலும், ஆர். எஸ். ஒஃபியூக்கி 2006இலும் 2021இலும், மேற்பரப்பு மட்டும் வெடித்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளிர்ந்தன. அவற்றின் குறுமீன்கள் எல்லையை நெருங்கியவை என்று கணிக்கப்படுகிறது.

இறுதியாக ஒரு செய்தி. தொலைவிலுள்ள கோள்களில் பட்டுத் திரும்பும் தளவிளைவுற்ற ஒளியைத் தேடுவதற்கென, சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள பெருந்தொலைநோக்கியில் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதனைக் கொண்டு ஷ்மிட்டின் குழுவினர் 2014இல் ஆர் அக்குவாரி என்னும் இணைவாழ்வு மீனை நோக்கினர். முடிவுகள் 2017இல் வெளியாயின. ஹைட்ரஜனின் செவ்வொளியில் பெருமீனும் அதன் துணையும் தனித்தனியே தெரிந்தன. அவற்றின் இடைவெளி ஒரு விகலையில் ஆயிரத்தில் 45 பங்கு. 45 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு சென்டிமீட்டரைக் காண்பதற்கு அது ஒப்பாகும். ஒரு புள்ளிக்குள் இருவர் உள்ளனர் என ஒளியின் சாய்விலிருந்து உய்த்துணர்ந்து வந்தவருக்கு, அந்த இருவரையும் நேரில் காணும் பேறு வாய்த்தது.

கவிஞர் பெருமக்களே! பெயரிடுதல் உங்கள் தொழில். உருவகம் சான்றுக்கு முன்னே ஓடுவது குற்றமன்று. மெரிலின் உருவகம் முன்னே ஓடியதால்தான் சிதறிக் கிடந்த மீன்கள் ஒரு பெயரின்கீழ்த் திரண்டு ஆய்வுக்கு வந்தன. ஆனால் பெயரிட்ட இடத்திலேயே வானியலார் நின்றுவிடவில்லை. இது இணைவாழ்வுதானா, யார் கொடுக்கிறார், யார் கொள்கிறார், இடையில் எவ்வளவு தொலைவு என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சொல்லைக் கேள்வி கேட்டனர். சொல் அப்படியே நின்றது. அதன் பொருள் மாறிற்று. பழகிய உருவகம் ஒன்றைக் கையாளும் வேளையில், அது உறவைச் சொல்கிறதா, தோற்றத்தை மட்டும் சொல்கிறதா என்று ஒருமுறை கேட்பது கவிதைக்கும் தகும்.

அக்கேள்விக்கு விடை தந்தது, மீனிலிருந்து நேராக வந்த ஒளியன்று. வழியில் தடைப்பட்டு, ஆற்றலில் பெரும்பகுதியைச் சுங்கமாகக் கொடுத்து, திசை திரும்பி வந்த மங்கிய ஒளியே. பகலில் அருந்ததியைக் கண்டோம் என்று தலையசைக்கும் மணமக்கள் இரவில் ஒருமுறை வடவானை நோக்கினால், அங்கே வசிட்டனும் அருந்ததியும் இருப்பார்கள். காலையில் சொன்னது அப்போது மெய்யாகும்.